தாராவியில் தைத்து வாங்கிய கப்பல்காரன் பை

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட், சான்றிதழ்கள், போன், லேப்டாப் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அடிக்கடி பயணம் போகிறவர்கள், விமான நிலையக் கடையில் கொள்ளை விலை கொடுத்துத் ‘திருட்டுத் தடுப்புப் பை’ வாங்க வேண்டாம். தாராவிக்குப் போய்ச் சொல்லித் தைத்துக்கொள்ளலாம். எனக்கு 2,600 ரூபாய் ஆனது. பை அருமை. கடையின் மீது எனக்கு ஒரு சின்ன வருத்தமும் ஒரு பெரிய வருத்தமும் உண்டு. இரண்டையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான் சரக்குக் கப்பலில் இரண்டாம் பொறியாளர். சொந்த ஊர் தூத்துக்குடி, குடியிருப்பது மும்பை சயானில். கப்பல்காரனுக்குப் பாஸ்போர்ட் மட்டும் போதாது. மாலுமியின் கடல் பணியைப் பதிவு செய்யும் சிடிசி புத்தகம், தகுதிச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ்களின் கட்டு, மருத்துவச் சான்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை, மாலுமிகளுக்கென்று அரசு கொடுக்கும் பயோமெட்ரிக் அடையாள அட்டை என்று ஒரு சிறிய அலுவலகமே கூட வர வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கப்பலில் ஏற முடியாமல் போகலாம். வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் தூதரகம் கொடுக்கும் அவசரச் சான்றிதழ் ஊர் திரும்புவதற்கு மட்டுமே உதவும். அதற்குள் கப்பல் துறைமுகத்தை விட்டுப் போயிருக்கும், ஒப்பந்தமும் அதோடு போயிருக்கும்.

சந்த் ரோகிதாஸ் மார்க்கில் கண்ணாடி போட்ட, குளிரூட்டிய தோல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தைத்து அடுக்கி வைத்ததை வாங்குகிறவர்களுக்கு அவை போதும். நான் சொல்வது அதற்குப் பின்னால் சந்துக்குள் இருக்கும் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு மேசை, சில தையல் மிஷின்கள், மேலே பரணில் சுருட்டி வைத்த தோல், அவ்வளவுதான். மாஸ்டருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தாராவித் தோல் தொழிலுக்கும் நெல்லைச் சீமைக்கும் உள்ள உறவு தலைமுறைகளைத் தாண்டியது. அங்கே நின்றால் இந்தியை விட நம்ம ஊர்ப் பேச்சுதான் அதிகம் காதில் விழும். வெளிப்பக்கத்துக்கு எருமைத் தோல், உள்மடிப்புகளுக்கு ஆட்டுத் தோல் என்று அவரே முடிவு செய்தார். மகாராஷ்டிரத்தில் 2015இல் காளை, எருதுகளை வெட்டுவதற்கும் தடை வந்தது. அதிலிருந்து இங்கே எருமைத் தோலுக்குத்தான் மவுசு. சுமைதாங்கும் பைக்கு அது பொருத்தமும்கூட.

அளவெடுக்கும் முன் அவர் கேட்ட கேள்விக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். “தம்பி, பையைத் திறந்ததும் முதலில் எதை எடுப்பீர்கள்? கடைசி வரைக்கும் எடுக்கவே எடுக்காதது எது?”

எத்தனையோ கடைகளில் பை வாங்கியிருக்கிறேன். எத்தனை லிட்டர் கொள்ளும், என்ன நிறம் வேண்டும் என்றுதான் கேட்பார்கள். விற்பவர்கள் எண்ணத்தில் திருடன் என்பவன் பிளேடால் பையைக் கிழிப்பவன், அல்லது பக்கத்தில் நின்று மாயக் கருவியால் கார்டைப் படிப்பவன். என் அனுபவத்தில் ஆவணமும் அந்தரங்கமும் கசிவது நாமே பையைத் திறக்கும் இடங்களில்தான். விமான நிலைய வாசலில் பாதுகாப்புப் படை வீரரிடம் அடையாள அட்டை, கவுன்டரில் பாஸ்போர்ட்டும் கப்பல் நிறுவனத்தின் கடிதமும், குடியேற்றப் பிரிவில் பாஸ்போர்ட்டோடு சிடிசி, இறங்கிய நாட்டில் தடுப்பூசி அட்டை, விடுதியில் மறுபடியும் பாஸ்போர்ட். எல்லாம் ஒரே ஜிப்புக்குள் இருந்தால், ஒவ்வொரு முறையும் பின்னால் வரிசையில் நிற்பவர் டாலர் நோட்டு முதல் மருத்துவச் சான்று வரை பார்த்துவிடுவார். எடுத்ததைத் திரும்ப வைக்கும் அவசரத்தில்தான் ஏதாவது ஒன்று கவுன்டர் மேலேயே தங்கிவிடும்.

மாஸ்டர் தைத்துக் கொடுத்த பை நான்கு அடுக்கு. வெளியே மூடி மட்டும் போட்ட திறந்த அறை; அதில் பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், ஒரு பேனா. அடுத்த அறையில் சிடிசியும் கப்பலில் சேருவதற்கான காகிதங்களும். மூன்றாவதில் லேப்டாப், சார்ஜர், பவர் பேங்க். நான்காவது முதுகோடு ஒட்டியிருக்கும் தட்டையான அறை. அதன் ஜிப் வாய் பட்டியின் அடியில் மறைந்திருக்கிறது. பையை உடம்பிலிருந்து கழற்றாமல் அதைத் திறக்கவே முடியாது. அசல் சான்றிதழ்களும் மாற்று கார்டும் டாலரும் அங்கே. மும்பையில் வாடகைக் காரில் ஏறியது முதல் கப்பலின் ஏணிப்படி வரை அந்த நான்காவது ஜிப்பைத் தொடாமலே போய்ச் சேர முடிகிறது. காசு கொடுத்ததற்கு இது ஒன்றே போதும் என்பேன்.

இதிலும் நான் மெச்சுவது பாஸ்போர்ட் உறையை. பழைய வகைப் பாஸ்போர்ட்டில் முன் அட்டையின் உட்புறம் புகைப்படமும் பெயரும் எண்ணும் இருக்கும். பின் அட்டையின் உட்புறத்தில் தாய் தந்தை பெயர், கணவன் அல்லது மனைவி பெயர், வீட்டு முகவரி, பழைய பாஸ்போர்ட் எண் எல்லாம் இருக்கும். விடுதி வரவேற்பறையில் இருப்பவருக்கு என் அம்மா பெயர் எதற்கு? மாஸ்டர் உறையின் முன்பக்க மடிப்பை விரல் அகலத்துக்கு மட்டும் வைத்தார். பின்பக்க மடிப்பை ஏறக்குறைய முழு அட்டை அகலத்துக்கு நீட்டிவிட்டார். ஆட்டுத் தோலை ஓரத்தில் மெல்லியதாகச் சீவி மடித்திருப்பதால் தடிமன் தெரிவதில்லை. இப்போது புத்தகத்தை எப்படி விரித்தாலும் புகைப்படப் பக்கம் தெரியும், முகவரிப் பக்கம் தோலுக்குள் இருக்கும். யாராவது அதையும் பார்க்க வேண்டும் என்றால் என்னிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

குடியேற்ற அதிகாரிகள் உறையோடு பாஸ்போர்ட்டை வாங்க மாட்டார்கள், கழற்றிக் கொடு என்பார்கள். அது அவர்கள் வேலை, அவர்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் நீண்ட மடிப்பு என்பதால் கழற்றுவதற்குச் சிரமம். புதிதில் தோல் இறுக்கமாக இருந்தபோது, பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுமளவுக்கு நேரம் பிடித்தது. மடிப்பின் நடுவில் கட்டைவிரல் நுழைய அரைவட்டம் வெட்டச் சொல்லி மாற்றிக்கொண்டேன். நீங்கள் தைக்கச் சொல்வதாக இருந்தால் அதை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

பேனா வளையத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கப்பலேறும் முன் தங்கவைத்த ஒரு விடுதியில், பணியாளர் என் பாஸ்போர்ட்டைத் தன் சொந்த போனில் படம் எடுத்தார். நகல் இயந்திரம் பழுது என்றார். அந்தப் படம் அதன் பிறகு எங்கே போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இப்போது முதல் பக்கத்தின் நகலை நானே கொண்டுபோகிறேன். அதன் குறுக்கே விடுதியின் பெயர், தேதி, ‘தங்குவதற்கு மட்டும்’ என்று எழுதிக் கொடுக்கிறேன். பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறார்கள். உள்நாட்டு விடுதிகளுக்கு முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரை அச்செடுத்து வைத்திருக்கிறேன். 2022 மே மாதத்தில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், கண்ட இடத்தில் ஆதார் நகல் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவிப்பு விட்டதும், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி மத்திய அரசு இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும். அறிவிப்புதான் போனது. மறைத்த ஆதார் என்கிற வசதி இணையதளத்தில் அப்படியே இருக்கிறது.

விடுதியை விட மோசம் நம் ஏஜென்ட் அலுவலகங்கள். பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகம், ஒரே கப்பலில் சேர வேண்டிய அத்தனை பேரின் பாஸ்போர்ட் பிரதிகளையும் ஒரே கோப்பாக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டது. எந்தத் தோல் பை அதைத் தடுக்கும்?

இனி அந்தப் புகழ்பெற்ற ‘ஆர்எஃப்ஐடி தடுப்பு’, அதாவது கார்டைத் தொடாமலே படிக்கும் ரேடியோ அலையை மறிக்கும் ஏற்பாடு. லைனிங்குக்கு அடியில் உலோக இழைத் துணி வைக்க 300 ரூபாய் கூடுதல் என்றார் மாஸ்டர். நான் வைக்கச் சொன்னேன், சோதித்துப் பார்க்கும் ஆசையில். மளிகைக் கடை இயந்திரத்தில் கார்டை அந்த அறைக்குள் வைத்தபடியே தட்டினேன். இயந்திரம் வாய் திறக்கவில்லை. வெளியே எடுத்துத் தட்டினேன், உடனே படித்தது. ஆக, வேலை செய்கிறது. தேவையா என்றால், எனக்குத் தேவையில்லை. இந்த வகைக் கார்டுகளைப் படிக்க இயந்திரம் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் வர வேண்டும். பின் எண் இல்லாமல் ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரைதான் போகும். 2021 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 2,000 ரூபாயிலிருந்து அந்த அளவுக்கு உயர்த்தியது. தட்டிச் செலுத்தும் வசதியையே வங்கிச் செயலியில் அணைத்து வைக்கலாம். பயணத்தின்போது நான் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன், இதற்கு ஒரு பைசா செலவில்லை. சில்லு வைத்த புதிய பாஸ்போர்ட்டைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கும் அதே பதில். உள்ளே அச்சிட்டிருக்கும் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகியவற்றை முதலில் படித்தால்தான் சில்லு பேசும்; மூடிய புத்தகத்திலிருந்து விவரத்தை உருவ வழியில்லாதபடி செய்திருக்கிறார்கள். அந்த 300 ரூபாய்க்கு நல்ல ஜிப் போடச் சொல்லுங்கள். ரன்னர் மாட்டிக்கொள்ளாத ஜிப்தான் உண்மையான பாதுகாப்பு.

மாஸ்டரின் அடுத்த யோசனையை நான் மறுத்துவிட்டேன். பையின் முகப்பில் பெயரையும் செல்பேசி எண்ணையும் பொன்னெழுத்தில் இலவசமாக அடித்துத் தருவாராம். தொலைந்தால் கண்டெடுத்தவர் கூப்பிட வசதி என்று அவர் நினைக்கிறார். கன்வேயர் பெல்ட் ஓரத்தில் நிற்கும் எவனும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் அது வசதிதான். உள்ளே, இரண்டாவது அறைக்குள், இதற்கென்றே தொடங்கிய ஒரு மின்னஞ்சல் முகவரியை மட்டும் தோல் துண்டில் அடிக்கச் சொன்னேன். அவருக்கு அதில் அவ்வளவு திருப்தி இல்லை.

போனுக்கான அறை மார்புப் பக்கத்துப் பட்டியில் இருக்கிறது, மூடியோடு. மும்பை லோக்கலில் வாசலில் நின்றபடி போன் பேசுகிறவர் கையைத் தண்டவாளத்தோரம் நின்று தடியால் அடித்து, விழுந்த போனைப் பொறுக்கிக்கொண்டு ஓடும் ‘ஃபட்கா’ கும்பலைப் பற்றி இங்கே வசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன் கையில் இருக்கும் வரை எந்தப் பையும் உதவாது. தொலைந்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். போன் பூட்டியிருந்தாலும், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி அங்கே வந்து சேரும். இதைத் தடுக்க சிம்முக்கே ஒரு பின் எண் வைக்கலாம். மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும், பிறகு சிம் நிறுவனம் தரும் பியூகே என்கிற திறப்பு எண் இல்லாமல் திறக்காது. எந்த போனிலும் அமைப்புகளுக்குள் இருக்கும் வசதி இது. ஆனால் நான் கேட்டுப் பார்த்த கப்பல்காரர்களில் பாதிப் பேர் பயன்படுத்துவதில்லை. பியூகே எண்ணும், *#06# அழுத்தினால் வரும், ஒவ்வொரு போனுக்கும் தனியான ஐஎம்இஐ அடையாள எண்ணும் எழுதிய சீட்டு என் நான்காவது அறையில் இருக்கிறது. போலீஸ் புகார் கொடுத்து, அதே எண்ணில் மாற்று சிம் வாங்கிய பிறகு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்த ஐஎம்இஐயைக் கொடுத்தால் திருடிய கருவி இந்திய நெட்வொர்க்குகளில் இயங்காதபடி முடக்கிவிடுவார்கள்.

பவர் பேங்குக்கு வலைத்துணி அறை போட்டார், தோலுக்குள் சூடு அடங்கக் கூடாது என்று. அவராகவே யோசித்தது. பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டியதில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் ஏறக்குறைய 74 வாட்-மணி, கவலை இல்லை. பொது இடத்து யுஎஸ்பி துளையில் போனைச் சொருகினால் தரவு திருடப்படலாம் என்று ரிசர்வ் வங்கியே 2022இல் வெளியிட்ட கையேட்டில் எச்சரித்திருக்கிறது. சொந்தச் சார்ஜர் எட்டும் தூரத்தில் இருந்தால் அந்தப் பேச்சே எழாது.

ஆவணங்களின் மின் பிரதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஜிலாக்கர் உள்நாட்டில் நல்ல வசதி. ஆனால் அதைத் திறக்க இணையம் வேண்டும், சில சமயம் ஓடிபியும் வேண்டும். ரோமிங் இல்லாத சிம்மோடு ஏதோ ஒரு துறைமுகத்தில் நிற்கும்போது அது பூட்டிய பீரோ. எனவே கடவுச்சொல் போட்டுக் குறியாக்கம் செய்த பென் டிரைவ் ஒன்று, நான்காவது அறையின் மூலையில், விரல் நுழையும் அளவுக்கான சின்னப் பொந்தில் இருக்கிறது. அதைக் கப்பல் கணினியிலோ விடுதிக் கணினியிலோ சொருக மாட்டேன். 2017இல் நாட்பெட்யா என்ற தீநிரல் மேர்ஸ்க் போன்ற பெரிய கப்பல் நிறுவனத்தின் கணினிகளையே முடக்கிப் போட்டதைக் கேட்ட பிறகு எங்களில் பலருக்கு அந்நியத் துளைகளைக் கண்டாலே அலர்ஜி.

சரி, குறைகள். சின்னது: தோலும் கடலும் ஒத்துப்போகாது. கப்பல் அறையின் ஈரப்பதத்தில் ஓரங்களில் வெள்ளைப் பூஞ்சை பூத்தது. துடைத்தால் போகிறது, ஆனால் மறுபடியும் வருகிறது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைப் போட்டு வைக்கிறேன். உள்ளே நைலான் லைனிங் இருப்பதால் காகிதங்கள் நனையவில்லை. மும்பை ஜூலை மழையில் சயான் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்து சோதித்ததுதான். பை கனமும்தான். தோளில் நெடுநேரம் மாட்டினால் உறுத்தும். பட்டிக்கடியில் பஞ்சு வைக்கச் சொல்லியும் அவர் கேட்கவில்லை, அழகு கெட்டுவிடுமாம்.

பெரிய குறை வேறு. மேசை மேல் ஓர் ஆர்டர் நோட்டு திறந்தே கிடக்கும். அதில் வாடிக்கையாளர் பெயர், எண், கூடவே ‘இடது உள்ளறை, டாலர்’, ‘முதுகு ஜிப், நகை’ என்று அவரவர் ரகசியம் முழுக்கப் பென்சிலில். போவோர் வருவோர் எல்லாம் படிக்கலாம். அதோடு, தைத்து முடித்த பையை உள்ளும் புறமும் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார். தொழிலாளிக்குத் தன் கைவேலையைக் காட்டும் பெருமை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மறைவறையை ஊருக்கே காட்டிய பிறகு அது மறைவறையா? “அண்ணாச்சி, என் பையின் படத்தை எடுத்துவிடுங்கள். நோட்டில் நீள அகலம் மட்டும் எழுதுங்கள், உள்ளே என்ன வைப்பேன் என்று எழுத வேண்டாம்” என்றேன். சிரித்தார். “யார் தம்பி இதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள்?” என்றார். என் முன்னாலேயே படத்தை நீக்கினார், நோட்டில் என்னைப் பற்றிய வரியையும் அடித்தார். மற்றவர்கள் வரிகள் அப்படியே இருந்தன. கேள்வி கேட்பதில் இவ்வளவு நுட்பம் உள்ள மனிதர், கிடைத்த பதிலைக் காப்பதில் இப்படி இருப்பது எனக்கு ஏமாற்றமே.

வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கும் திருப்பதிக்கும் போகிறவர்களுக்கு இந்தப் பை அதிகப்படி. அவர்களுக்குத் துணியில் தைத்த இடுப்புப் பையும் நீண்ட மடிப்புள்ள பாஸ்போர்ட் உறையும் போதும். உறையை மட்டும் 350 ரூபாய்க்குத் தனியாகவே தைத்துத் தருகிறார். வேலைக்காக ஓயாமல் அலைகிறவர்கள், மருத்துவக் காகிதக் கட்டோடு வேலூருக்கும் சென்னைக்கும் போய் வருகிறவர்கள் தயங்காமல் தைக்கலாம். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் தள்ளித்தான் கிடைக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிப் ரன்னர் போனால் காசு வாங்காமல் மாற்றித் தருகிறார்.

அளவு கொடுக்க அசல் ஆவணங்களை எடுத்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் போக வேண்டாம். பாஸ்போர்ட்டுக்கு 125க்கு 88 மில்லிமீட்டர், கார்டுக்கு 86க்கு 54 என்று அட்டையை வெட்டிக் கொண்டுபோங்கள். சான்றிதழ் கட்டுக்கு அதே தடிமனில் பழைய செய்தித்தாள் போதும். எந்த அட்டை எதற்கு என்று அவர் கேட்பார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.